சடையனை எந்த அணிக்குக் கொடுப்பது?

மருந்தறைக்குப் புதிதாக வரும் இரண்டு தங்கைகளுக்கு,

அலமாரியில் எது எங்கே இருக்கிறது, ஊசிகளை எவ்வளவு நேரம் கொதிக்க வைப்பது, மழைக்காலத்தில் பஞ்சை எப்படிக் காப்பது என்பதையெல்லாம் தனித்தனித் தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். அவற்றுக்கு ஒரு நாள் போதும். இந்தக் கடிதத்தை மெதுவாகப் படியுங்கள்.

எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. அறிவுரை சொல்லும் வயது இல்லைதான். ஆனால் ஏழு வருடம் இந்தக் கொல்லிமலைக் காப்பித் தோட்டத்தின் மருந்தறையில் ஒற்றை ஆளாக இருந்துவிட்டு இறங்குகிறேன். அந்த ஏழு வருடத்தில் நான் செய்த மிகப் பெரிய தவறு ஒரு வார்த்தையில் அடங்கும். அதை நீங்களும் செய்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். கதை ஹாக்கி ஆட்டத்தில் தொடங்குகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த யுத்தம் தொடங்குவதற்கு முன்பு நடந்தது. அப்போது தோட்டத்துத் துரைக்கு ஹாக்கிப் பைத்தியம். காப்பி உலர்த்தும் களத்துக்கு மேலே மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்து ஒரு மைதானம் போட்டிருந்தார். சமன் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு மூலை தாழ்ந்தே இருக்கும். பந்து அந்தப் பக்கம் போனால் பலாத்தோப்புக்குள் உருண்டுவிடும். இருபத்திரண்டு பேரும் மட்டையைப் போட்டுவிட்டு இறங்கித் தேடுவார்கள். பாதி ஆட்டத்தில் மூடுபனி வந்தால் எல்லோரும் அப்படியே நின்று, அது விலகும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள்.

முதலுதவிப் பெட்டியோடு மைதானத்தோரம் நிற்பது என் வேலை. சும்மா நிற்க எனக்கு வராது. எதையாவது வரிசைப்படுத்தி எழுதாவிட்டால் கை பரபரக்கும். அதனால் ஒரு நோட்டில் ஒவ்வொரு கோலையும் எழுதத் தொடங்கினேன். யார் அடித்தது, எந்த இடத்திலிருந்து, பந்தை யார் கொடுத்தது, மட்டை நேராகவா திருப்பியா. கடைசிக் கேள்விக்கு ஒரு விளக்கம் வேண்டும். ஹாக்கி மட்டையின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம். எல்லா மட்டையும் வலக்கைக்காரர்களுக்குச் செய்தவை. ஆகவே ஆடுபவர் இடது தோளை முன்னே விட்டு, பந்தைத் தன் வலப்பக்கம் வைத்து அடிப்பதுதான் வழக்கம். இடப்பக்கம் அடிக்க வேண்டுமானால் மட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும். அது கடினம். எப்போதாவது வேறு வழியில்லாதபோது செய்வார்கள்.

எங்கள் சடையன் எப்போதும் அதைத்தான் செய்தான்.

சடையன் இதே மலையின் ஆலத்தூர் நாட்டுக்காரன். சொந்தத்தில் கொஞ்சம் சாமை நிலம், நாலைந்து மிளகுக் கொடிகள். மிளகுப் பருவத்தில் தோட்டத்துக்கு வேலைக்கு வருவான். மரமேறி மிளகு பறிப்பதில் அவன் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆளில்லாத ஒரு நாள் துரை அவன் கையில் மட்டையைக் கொடுத்து நிற்க வைத்தார். அன்றிலிருந்து எங்கள் சென்டர் பார்வர்டு அவன்தான். வெறுங்காலோடு ஆடுவான். பந்தோடு ஓடி வருவான். எதிரி நெருங்கும்போது வலது தோள் முன்னே வந்துவிடும், மட்டை திரும்பிவிடும், பந்து எதிரி நினைத்தே பார்க்காத பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும். எதிரி இன்னும் பழைய பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். முதல்முறை பார்த்தபோது நான் பென்சிலை எடுக்க மறந்துவிட்டேன். மனித உடம்பைப் பற்றிப் படித்தவள் நான். எந்தத் தசை எங்கே இழுக்கும் என்று தெரியும். தெரிந்தும், அந்த உடம்பு அப்படித் திரும்புவதைப் பார்க்கும்போது கோயிலுக்குள் நுழைந்தாற்போல் வாயடைத்துப் போகும்.

சேலத்தில் நடந்த கோப்பைப் போட்டியில் நாங்கள் அரையிறுதியில் தோற்றோம். தோற்றாலும் மூன்று அணிக்காரர்கள் துரைக்குக் கடிதம் எழுதினார்கள். மூவருக்கும் சடையன் வேண்டும். மூவருமே கோப்பையை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தவர்கள். கோல் போட ஓர் ஆள் மட்டும் குறை. பதிலுக்கு ஆள் தருவதாகச் சொன்னார்கள். துரை என்னைக் கூப்பிட்டார்.

கூலிக்காரர்களிடம் கற்ற தமிழ் அவருடையது. எல்லோரும் அவருக்கு ‘நீ’தான்.

“எல்லாத்துக்கும் பட்டியல் போடுவியே, இதுக்கும் போடு. சடையனை யாருக்குக் குடுக்கலாம்? யாரு குடுக்கற ஆளு நமக்கு நல்லது?”

இரண்டு நாள் உட்கார்ந்து போட்டேன். இப்போதும் என்னிடம் இருக்கிறது.

பஞ்சாலை அணி: கோல்கீப்பர் ஒருவர், புல்பேக் ஒருவர், ஒரு டஜன் புது மட்டைகள்.
ரயில்வே அணி: நல்ல ஹாப்பேக், சுமாரான லெப்ட் விங்கர்.
போலீஸ் அணி: ஒரே ஓர் ஆட்டக்காரர். கூடவே இரண்டு வருடம் பயிற்சி தர ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்.

இதற்குக் கீழே சடையனின் பக்கத்திலிருந்து ஒரு பட்டியல். எந்த அணியில் அவனுக்குப் பந்தைச் சரியாகக் கொடுக்க ஆள் இருக்கிறது, வருடத்துக்கு எத்தனை ஆட்டம், மைதானம் எப்படி, சாப்பாடு எப்படி, தங்க இடம் உண்டா. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று போட்டுக் கூட்டினேன். பஞ்சாலை முதலில் வந்தது. துரை அதைப் படித்துவிட்டு, “நீ ஆஸ்பத்திரியில இருக்க வேண்டியவ இல்ல” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று அணிக்காரர்களும் உடல்நலச் சான்று கேட்டிருந்தார்கள். அச்சடித்த படிவம். உயரம், எடை, பார்வை, இதயம், நுரையீரல், மண்ணீரல். உயரமும் எடையும் அளந்தேன். எழுத்துப் பலகையில் பார்வை பார்த்தேன். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டேன். மண்ணீரல் என்ற இடத்தில் ‘சாதாரணம்’ என்று எழுதினேன்.

தொட்டுப் பார்க்கவில்லை.

ஏன் என்று நேர்மையாகச் சொல்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிய பதிவேட்டில் மலைக்காரர்கள் எல்லோருக்கும் ‘சாதாரணம்’ என்றே இருந்தது. மண்ணீரலை வீங்க வைக்கும் மலைக்காய்ச்சல் என்ற மலேரியா கீழ்நாட்டிலிருந்து வந்த கூலிகளைத்தான் பிடிக்கும், இங்கேயே பிறந்தவர்களைப் பிடிக்காது என்று தோட்டத்தில் எல்லோரும் நம்பினார்கள். அதற்கான கொயினா மாத்திரையும் கீழிருந்து வந்தவர்களுக்கு மட்டும்தான் கொடுத்தோம். மலைக்காரர்கள் கேட்டதும் இல்லை. இதெல்லாம் சொல்லிக்கொள்ளும் காரணங்கள். உண்மையான காரணம், மண்ணீரலைப் பார்க்க ஆளைப் படுக்க வைத்து இடது விலாவுக்குக் கீழே வயிற்றை அழுத்த வேண்டும். கல்யாணமாகாத பெண் நான். அவன் ஊரார் என்ன பேசுவார்களோ என்று கூசினேன். ஒரு வார்த்தைதானே என்று எழுதிவிட்டேன். மூன்று படிவமும் தபால்காரரோடு மலை இறங்கிவிட்டன.

பதினைந்து நாள் கழித்து மூன்று அணிக்காரர்களும் ஆளை நேரில் பார்க்க ஒரே நாளில் வந்தார்கள். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் வண்டியை நிறுத்திவிட்டு விடிந்ததும் ஏறத் தொடங்கியிருக்கிறார்கள். பஞ்சாலை மானேஜர் டோலியில் வந்தார். போலீஸ் இன்ஸ்பெக்டர் நடந்து வந்தும் சட்டை கசங்காமல் இருந்தார். ரயில்வேக்காரர் கடைசியாக வந்து, மைதானத்து ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். ஒரு காலத்தில் கோல்கீப்பராக இருந்தவராம். முன்பற்கள் இரண்டும் இல்லை.

“ஏம்மா, பந்து என் பல்லைத்தான் எடுத்துச்சு. உங்க மலை உயிரையே எடுத்துரும் போலிருக்கே. குடிக்கத் தண்ணி குடு.”

தண்ணீர் கொடுத்தேன். என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

அன்றைய ஆட்டத்துக்கு எதிர் அணி ராசிபுரத்திலிருந்து வந்திருந்தது. அவர்களுடைய புல்பேக் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடிப்பவர். பந்து தரையில் இருக்காது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எங்கள் அணியில் ஆடும் தோட்டத்து மெஷின் பிட்டருக்கு முழங்காலில் அடி. நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோதே ஆரவாரம் கேட்டது. சடையன் கோல் அடித்திருந்தான். வலது தோள் முன்னே, மட்டை திருப்பி. பஞ்சாலை மானேஜர் டோலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அடுத்த கோலும் அப்படியே. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

ரயில்வேக்காரர் மட்டும் சத்தம் போடவில்லை. என் மடியிலிருந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பழைய பக்கங்களைப் புரட்டினார்.

“இதெல்லாம் நீயாம்மா எழுதினே?”

“ஆமாங்க.”

“இவன் போட்ட கோல்ல முக்காவாசி திருப்பி அடிச்சது. மீதியும் பார், ஆள் பக்கத்துல இல்லாதப்ப மட்டும்தான் நேர் மட்டை. ஆள் நெருங்கினா இடது பக்கத்தைக் காட்டவே மாட்டேங்கறான். ஏன்?”

“அது அவன் ஆட்டமுங்க.”

“நான் இருபது வருஷம் கோல்ல நின்னவன்மா. அழகுக்காக எவனும் கஷ்டமான வழியில போக மாட்டான்.”

அதே நேரத்தில் அந்தப் புல்பேக் அடித்த பந்து இடுப்பளவு உயரத்தில் சடையனை நோக்கி வந்தது. சடையன் திரும்பினான். பந்து வலது முழங்கையில் பட்டுத் தெறித்தது. நான் பந்தைப் பார்க்கவில்லை. அவனுடைய இடது முழங்கையைப் பார்த்தேன். அது மடங்கி, விலாவுக்குக் கீழே, வயிற்றோடு ஒட்டி, ஒரு மூடிபோல் இருந்தது.

படிக்கும் காலத்தில் பிரேதப் பரிசோதனை ஒன்றைப் பார்த்திருக்கிறேன். சண்டையில் யாரோ வயிற்றில் ஒரு குத்து விட்டதற்கு ஒரு மணி நேரத்தில் செத்துப்போன கூலிக்காரர். வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே வீங்கிய மண்ணீரல், பழுத்த பழம்போல் வெடித்திருந்தது. அதை எங்களுக்குக் காட்டிய சர்ஜன் கையைக் கழுவப் போனார்.

இடைவேளைக்கு விசில் ஊதியதும் சடையனைக் கூப்பிட்டேன். அவன் மனைவி நல்லம்மா ஆட்டம் பார்க்க வந்திருந்தாள், இடுப்பில் கைக்குழந்தை. அவளையும் கூட வரச் சொன்னேன். பக்கத்தில் காப்பிப் பழம் அரைக்கும் கொட்டகை. உள்ளே போனோம். வீங்கிய மண்ணீரலை இங்கே கட்டி என்பார்கள்.

“சடையண்ணா, வயித்துல கட்டி இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க.” இதைக் கேட்கவா கூப்பிட்டீர்கள் என்பதுபோல் பார்த்தான். “எல்லாருக்குந்தான் இருக்குது. ஊருக்கே இருக்குதுங்க.”

“அன்னைக்குப் படிவம் எழுதினப்ப ஏன் சொல்லலீங்க?”

“நீங்க கேக்கலீங்களே, டாக்டரம்மா.”

நான் டாக்டர் இல்லை என்று ஒவ்வொரு முறையும் திருத்துவேன். அன்று திருத்தவில்லை. படுக்கச் சொன்னேன். அவன் மனைவியைப் பார்த்தான்.

“படுங்க. அவிய தொட்டுப் பாக்கட்டும். நாந்தான் இங்கயே நிக்கறனே” என்றாள் நல்லம்மா.

சாக்கின்மேல் படுத்தான். இடது விலாவுக்குக் கீழே மூன்று பழைய சூட்டுத் தழும்புகள். கட்டி கரைவதற்காகச் சின்ன வயதில் இழுத்தது. விரல்களை வைத்தேன். நல்ல உடம்பில் அங்கே எதுவும் தட்டுப்படாது. எனக்குத் தட்டுப்பட்டது. விளிம்பைத் தேடிக் கீழே போனேன். போய்க்கொண்டே இருந்தது. தொப்புளுக்குப் பக்கத்தில்தான் முடிந்தது. கைவிரல்களை விரித்தால் எவ்வளவோ அவ்வளவு. ஒரே ஒரு அடி போதும்.

“எப்பயிருந்து இப்படி முழங்கையை வெச்சுக்கறீங்க?”

“எங்க சின்னய்யன் மொளகுக் கொடியில இருந்து விழுந்தாருங்க. காயமே இல்ல. எந்திரிச்சு உக்காந்து ஒரு வாய் கூழுகூடக் குடிச்சாரு. பொழுது சாயறதுக்குள்ள போயிட்டாரு. அதுலயிருந்துங்க. எங்கூர்ல ஆரும் இடப்பக்கத்தை மரத்துல ஒட்ட மாட்டாங்க. வலது தோளைக் குடுத்துத்தான் ஏறுவோம். அதே பழக்கம் இங்கயும் வந்துருச்சுங்க.”

மூன்று மிளகுப் பருவமாக அவர்கள் மரமேறுவதை நான் பார்த்திருக்கிறேன். வலது தோள் மரத்தில் உரச, உடம்பைச் சாய்த்து ஏறுவதை ஏதோ ஊர் வழக்கம் என்று நினைத்திருந்தேன். மூன்று அணிக்காரர்கள் மலையேறி வந்து பார்த்த அந்தத் திருப்பம், ஓர் ஊர் தன் உயிரைக் காத்துக்கொள்ளக் கற்ற வித்தை. படிக்காத உடம்பு ஒரு மரணத்தைப் பார்த்துவிட்டு, தனக்குத் தானே மருத்துவம் செய்துகொண்டு, அதையே ஆட்டமாகவும் ஆக்கியிருக்கிறது. நான் படித்தவள். ‘சாதாரணம்’ என்று எழுதியவள்.

“சடையண்ணா, நீங்க மறுபடி இறங்கக் கூடாதுங்க.”

அவன் எழுந்து உட்கார்ந்தான். அவன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

“இத்தினி நாளும் நாந்தானுங்க காப்பாத்திக்கிட்டு வந்தேன்? என் வயிறு எனக்குத் தெரியுங்க. பந்து எங்க வரும்னும் தெரியுங்க. மூணு ஊர்க்காரங்க எனக்காக வந்து உக்காந்திருக்காங்க. இப்பப் போயி என் ஆட்டத்தைக் கெடுக்கறீங்களே!”

“அந்தப் புல்பேக் எங்க அடிப்பாருன்னு அவருக்கே தெரியாதுங்க.”

நல்லம்மா குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். “சின்ன மாமனும் அப்படித்தான், எல்லாம் தெரியும்னாரு” என்றாள்.

அவன் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே போனான்.

துரையிடம் போனேன். இடைவேளை முடிய ஒன்றிரண்டு நிமிடமே இருந்தது.

“சடையனை நிறுத்தணும் துரை. மண்ணீரல் தொப்புள் வரைக்கும் இருக்கு. பந்து பட்டா செத்துப் போவான்.”

“நீ நார்மல்னு எழுதினே.”

“தொட்டுப் பாக்காம எழுதினேன்.”

“இப்போ?”

“தொட்டுட்டேன்.”

அவர் முகம் சிவந்தது. “அவங்க மூணு பேரும் யாரைப் பாக்க வந்திருக்காங்க? இன்னும் பாதி ஆட்டம்தான். அவன் இத்தனை வருஷம் சாகலை.”

கத்தவும் தோன்றியது, அழவும் தோன்றியது. இரண்டும் அப்போது பயன்படாது. நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, ‘இந்த ஆட்டக்காரர் ஆடினால் உயிருக்கு ஆபத்து என்று எனக்குச் சொல்லப்பட்டது’ என்று ஒரே வரி எழுதி, பென்சிலோடு அவரிடம் நீட்டினேன்.

“ஆட வைங்க துரை. இதுல உங்க கையெழுத்து மட்டும் வேணும்.”

அதைப் படித்தார். அப்புறம் பென்சிலை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, மைதானத்தைப் பார்த்து, “சடையா, உக்காரு!” என்று கத்தினார்.

மாற்று ஆள் இறக்கும் வழக்கம் அப்போது கிடையாது. பத்துப் பேரோடு ஆடி ஐந்து கோல் வாங்கினோம்.

ஆட்டம் முடிந்ததும் மூவரிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது, அந்தப் படிவங்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். எந்த வேலையிலும் இதைவிடக் கஷ்டமான பத்து நிமிடம் எனக்கு வாய்க்கவில்லை. பஞ்சாலை மானேஜர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, என் கையில் தராமல் முதலுதவிப் பெட்டிமேல் போட்டார்.

“ஏம்மா, சந்தையில ஒத்த மாடு வாங்கறவன்கூட பல்லைப் புடிச்சுப் பாப்பானே. நீ வயித்தைத் தொட்டுப் பாக்காம எழுதி, என்னை டோலியில தூக்கிட்டு வரவெச்சுட்டியே!”

இன்ஸ்பெக்டர் தாளை நாலாக மடித்துக் கொடுத்தார். “எங்க டாக்டர் பாஸ் பண்ண மாட்டாரும்மா. ஆனா இப்பச் சொன்னது நல்லது” என்றார். இருவரும் வெயில் இறங்குவதற்குள் கிளம்பிவிட்டார்கள்.

ரயில்வேக்காரர் போகவில்லை. என் நோட்டை மறுபடி வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஒரு பக்கத்தைப் பொத்திக்கிட்டே இத்தனை கோலா!” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “கட்டி கரையுமா?” என்றார்.

“காய்ச்சல் இல்லாத ஊர்ல இருந்து, ஒழுங்கா கொயினா சாப்பிட்டா கரையுங்க. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும். இங்க வெச்சுப் பாத்தா கொசு கடிச்சு மறுபடி மறுபடி வரும்.”

அவர் துரையிடம் போனார். நானும் கூடவே போனேன். அவர் சொன்னது இது: சடையனுக்கு ரயில்வேயில் வேலை வாங்கித் தருவார். குணமாகும்வரை மட்டையைத் தொடவிட மாட்டார். ஆனால் ஆடாத ஆளுக்குப் பதில் ஆட்டக்காரர்களைக் கேட்டால் அவருடைய மேலதிகாரிகள் சிரிப்பார்கள். ஆகவே இப்போதைக்குத் துரைக்கு ஒருவரும் கிடையாது. சடையன் என்றாவது ஆடினால் அன்றைக்கு ஹாப்பேக் வருவார்.

துரை என் பட்டியலை வரவழைத்தார். மேலிருந்து கீழே படித்தார்.

“இதுல மில்லுதானே முதல்ல?”

“ஆமாங்க துரை. தப்பான பட்டியல்.”

“எங்க தப்பு?”

யோசித்தேன். கூட்டலில் தப்பு இல்லை. அப்போது வாசலில் நின்றிருந்த நல்லம்மா உள்ளே ஓர் அடி வைத்தாள். துரையைப் பார்க்காமல் ரயில்வேக்காரரைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏனுங்க, அங்க கொயினா இவருக்கு மட்டுமுங்களா, ஊட்டுல எல்லாத்துக்குமுங்களா?”

“வேலைக்காரனோட குடும்பத்துக்கும் ரயில்வே ஆஸ்பத்திரி உண்டும்மா.”

“மூத்தவளுக்கும் இப்பவே கட்டி இருக்குதுங்க. இவன் இன்னுங் கைக்குழந்தை” என்று குழந்தையின் வயிற்றைத் தடவினாள். “அப்பச் சரிங்க. வாரோம்.”

மைதானம், சாப்பாடு, பந்து கொடுக்கும் ஆள் என்று அத்தனை வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரி அதில் இல்லை.

சடையன் தலையைக் குனிந்து நின்றான். “ஒரு வருஷம் ஆடாம எப்படியுங்க?” என்றான், யாரிடமும் இல்லாமல்.

“நானும் பல்லுப் போனப்ப ஒரு வருஷம் சும்மாதான் இருந்தேன், சாமி. முறுக்கைத்தான் மறந்தேன், ஆட்டத்தை மறக்கலை” என்றார் ரயில்வேக்காரர்.

துரை சிரிக்கவில்லை. அந்த வருடக் கோப்பை அவர் கண்முன்னே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. மேசைமேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், “கூட்டிட்டுப் போ. ஆனா அவன் ஆடற முதல் வருஷம் எனக்கு எதிரா கோல் போட்டா, உன் மீதிப் பல்லையும் நான் எடுப்பேன்” என்றார்.

தங்கைகளே, கதையை இங்கே சற்று நிறுத்துகிறேன். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. உங்கள் விரல் படாத எதற்கும் ‘சாதாரணம்’ என்று எழுதாதீர்கள். இடத்தைக் காலியாக விடுங்கள். காலியிடம் யாரையும் கொல்லாது, யாராவது ஒருவர் ‘இது ஏன் காலி’ என்றாவது கேட்பார். அடுத்து, ‘ஊருக்கே இருக்குதுங்க’ என்று சடையன் சொன்னது வாய்ப்பேச்சு இல்லை. அடுத்த மாதம் நல்லம்மாவின் தங்கையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆலத்தூர் நாட்டுக்குப் போனேன். முதல் நாள் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். மூன்றாம் முறை போனபோது வரிசையில் நின்றார்கள். பத்துக் குழந்தையைத் தொட்டால் ஏழெட்டுப் பேருக்குத் தட்டுப்பட்டது. அந்தப் பதிவேடு மேல்தட்டில் இடது ஓரம் இருக்கிறது. இப்போது யுத்தத்தால் கொயினா குறைவாகத்தான் வருகிறது. வருவதில் மலைக்காரர்களின் பங்கை யாராவது குறைக்கச் சொன்னால், அந்தப் பதிவேட்டைத் திறந்து காட்டுங்கள். எழுத்தில் காட்டினால் இறங்கி வருவது துரைக்குப் பழக்கம்.

இனி மீதிக் கதை.

ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்துச் சேலத்தில் கோப்பைப் போட்டி. சீட்டுக் குலுக்கியதில் முதல் ஆட்டமே எங்கள் தோட்டத்துக்கும் ரயில்வேக்கும். முதலுதவிப் பெட்டியோடு நான் எங்கள் அணியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ரயில்வே அணி இறங்கியது. ஒன்பதாம் எண் சட்டையில் சடையன். கொஞ்சம் சதை போட்டிருந்தான். இன்னும் வெறுங்கால்தான். நோட்டைத் திறந்தேன்.

முதல் முறை பந்து வந்ததும் அதே வலது தோள், அதே திருப்பம். நம் ஆள் நின்ற இடத்திலேயே நின்றார். கரையவில்லையோ? இன்னும் பொத்திக்கொண்டுதான் ஆடுகிறானோ?

இரண்டாம் பாதியில் அவன் நடுவிலிருந்து பந்தோடு கிளம்பினான். எங்கள் பிட்டர் குறுக்கே பாய்ந்தார். சடையன் திரும்பவில்லை. இடது தோளை முன்னே விட்டு, மட்டையை நேராகப் பிடித்து, முழங்கை இரண்டும் காற்றில் இருக்க, அப்படியே வந்தான். பிட்டரின் மட்டை பந்தைத் தூக்கிவிட்டது. அது முழு வேகத்தில் அவனுடைய இடது விலாவுக்குக் கீழே போய் இடித்தது. அந்தச் சத்தம் ஓரத்தில் இருந்த எனக்குக் கேட்டது.

சடையன் மடங்கி விழுந்தான்.

நடுவர் விசிலை ஊத மறந்தார். மைதானத்து அந்தப் பக்கத்தில் பல் இல்லாத அந்த மனிதர் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றார். நான் எந்த அணியின் ஆள் என்ற நினைவே இல்லாமல் ஓடினேன். அத்தனை ஜனமும் பார்த்துக்கொண்டிருக்க, மண்டியிட்டு, சட்டையைத் தூக்கி, விரல்களை அந்த இடத்தில் வைத்தேன். பந்து பட்ட சிவப்பு வட்டம் மூன்று தழும்புகளுக்கு நடுவில் எழும்பிக்கொண்டிருந்தது. மெதுவாக அழுத்தினேன். இன்னும் உள்ளே. இன்னும் கீழே. மிருதுவான வயிறு. விலா எலும்பின் ஓரம்வரை தேடினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. நாடி வேகமாக ஓடியது, ஆனால் நிறைந்து ஓடியது.

சடையன் கண்ணைத் திறந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் பயம் இல்லை. புது ஊருக்கு வந்து இறங்கியவன் சுற்றிப் பார்ப்பதுபோல் இருந்தது.

“டாக்டரம்மா,” என்றான் மூச்சு வாங்க, “இந்தப் பக்கம் அடி பட்டா இப்படித்தான் வலிக்குமுங்களா?”